கவிப்பிரியாவின் கார் பிரேக் சம்பந்தமாக

பாலக்கோடு,
வியாழக்கிழமை.

பொம்மிடியில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ராஜப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் தீர்த்தகிரி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை அன்பரசி, எங்கள் மகள் கவிப்பிரியா மூவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், தென்னை காய்த்திருக்கும், ரயில்வே பென்ஷன்காரர்கள் சங்கத்தில் இந்த வருஷமாவது உங்களைத் தலைவராகப் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். மூவரும் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் மூவரில் ஒருத்திதான் நலம். அது கவிப்பிரியா. அவள் நலமாக இருக்கிற விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு நலமில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று, நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவள் இரண்டு சொல்லிவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கவிப்பிரியா படித்துவிடுவாள், ஏனென்றால் என் போனுக்கு ஏதாவது ஆனால் சரி செய்வது அவள்தான், ஏதாவது ஆவதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே பேனா. விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கார் ஓட்டப் போகிறாள். நீங்கள் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே இங்கே வந்து, தாய்மாமன் என்ற முறையில், போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். இருபத்தேழு வயதாகிவிட்டாலும் உங்களைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிறாள் அல்லவா. ஏன் போகக் கூடாது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். அதற்குள் எனக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால், ஓசூரில் வேலை முடித்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, நான் டிராக்ல வண்டி ஓட்டப் போறேன்" என்றாள். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். நீங்கள் அதே முப்பது சொச்சம் வருஷம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டவர். டிராக் என்றால் எனக்கு உங்கள் டிராக்தானே நினைவுக்கு வரும்? அன்று உங்களுக்குப் போன் செய்து, பொம்மிடி பக்கம் ரயில் வராத தண்டவாளம் ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று விசாரித்தேனே, நீங்கள்கூட எனக்கு உடம்புக்கு என்ன என்று அன்பரசியிடம் தனியாகக் கேட்டீர்களே, காரணம் இதுதான். அப்புறம் அவளே விளக்கினாள். கார் பந்தயத்துக்கென்றே போட்ட ரோடாம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறதாம். எதிரே வண்டி வராது, ஆடு மாடு குறுக்கே வராது, ஸ்டாப்பிங் கிடையாது.

"ஸ்டாப்பிங் இல்லாம அந்த ரோடு எங்க போய்ச் சேருது?" என்று கேட்டேன்.

"எங்கயும் சேராதுப்பா. கெளம்புன எடத்துக்கே வரும்."

"வந்து?"

"மறுபடியும் போகும். யாரு கொறஞ்ச நேரத்துல சுத்தி வர்றாங்களோ அவங்க கெலிச்சாங்க."

ஒருவரையும் ஏற்றாமல், ஒருவரையும் இறக்காமல், புறப்பட்ட இடத்துக்கே அவசரமாக வந்து சேர்வதற்கு பெட்ரோல் போடுகிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை. நம் ரூட்டில் ஒரு நடை காலியாக ஓட்டினாலே முதலாளி ராத்திரி தூங்க மாட்டார்.

கார் ஒன்று வாங்கினாள். புதிது இல்லை, பதினைந்து வயது ஆன சின்னக் கார். வாங்கிய வாரமே பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டாள். அடுத்த வாரம் மிதியடி, கதவின் உள்பக்க அட்டை, பாட்டுப் பெட்டி எல்லாம் வெளியே வந்தன. அதற்கு அடுத்த வாரம் உள்ளே பந்தல் கால் நடுவது போல இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்தாள். உங்கள் தங்கை இதைப் பார்த்து, பெண் தக்காளி வியாபாரத்தில் இறங்கப் போகிறாள் என்று முடிவு கட்டி, தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் ஒன்பது தக்காளிப் பெட்டிகளை எங்கள் வாசலில் அடுக்கிவிட்டு, "பாப்பா மார்க்கெட் பக்கம் போனா அப்படியே எறக்கிடச் சொல்லுங்க" என்று போனார். கவிப்பிரியா ஒன்பதையும் குழாய்களுக்கு நடுவே ஏற்றிக் கொண்டுபோய் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்தாள். ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார். அப்படி ஓட்டுகிற பெண் எதற்காக வேகமாக ஓட்ட வேண்டும் என்பது என் கேள்வி.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். போன மாதம் டிராக்குக்குப் போய் வந்தவள், காரின் மூக்கெல்லாம் மணலோடு வந்தாள். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பெடல் கருங்கல் மாதிரி இறுகிக்கொண்டதாம், கார் நிற்கவே இல்லையாம், நேராக ஓரத்து மணலில் போய்ப் புதைந்ததாம். இவளுக்கு ஒரு கீறல் இல்லை. இதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, கடைக்குப் போனேன், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த மாதிரி.

"பிரேக்கு ஏன் புடிக்கல?" என்றேன்.

"ஏபிஎஸ் ஏமாந்துபோச்சுப்பா. ரோட்டுல ஐஸ் இருக்குதுன்னு நெனச்சுக்கிச்சு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. மச்சான், நீங்கள் சொல்லுங்கள், நம் பக்கத்தில் ஐஸ் எங்கே இருக்கிறது? மீன் கடையில் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. ரோட்டில் ஐஸ் என்று எந்த வண்டியாவது நினைத்தால் அந்த வண்டிக்குப் புத்தி சரியில்லை என்றுதானே அர்த்தம்? அதையேதான் அவளும் சொன்னாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு சென்சார் இருக்கிறதாம். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சட்டென்று நின்றுவிடாமல் அதுகள் பார்த்துக்கொண்டே இருந்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குமாம். இது வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகிற வேகத்துக்குச் செய்தது. டிராக்கில் ஒட்டிப் பிடிக்கிற டயர் போட்டு, ஓங்கி மிதித்தால், சக்கரம் சுற்றுவது ஒரு நொடியில் குறைவதைப் பார்த்து இது பயந்துபோய், ரோடு வழுக்குகிறது என்று தப்பாக எண்ணி, பிரேக்கை விட்டுவிடுகிறதாம். ஆகவே இதைக் கழற்றிவிட்டு, பந்தயக் காருக்கென்று செய்த ஏபிஎஸ் மாட்டப் போகிறேன் என்றாள். நான் இதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது முறை எனக்குப் புரிந்ததெல்லாம், பிரேக் பிடிப்பதற்காக பிரேக்கை விடுகிற பொருள் ஒன்று, அது கூடுதலாக விட்டுவிட்டதால், சரியாக விடுகிற பொருளை வாங்குகிறாள் என்பதுதான். சரியா தப்பா தெரியவில்லை.

அந்தப் பொருள் பெங்களூரில் யாரோ பந்தயக்காரரிடமிருந்து பெட்டியில் வந்தது. தேங்காய் அளவு அலுமினியக் கட்டி, அதில் ஆறு துளை, ஒரு பக்கம் கைப்பிடி அளவுக்கு ஒயர். அதோடு ஒரு ரெகுலேட்டர், நம் வீட்டு ஃபேனுக்கு இருப்பது போலவே, பன்னிரண்டு வரை எண் போட்டது. பாலக்கோட்டில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் சவுரியப்பன் பட்டறையில் வேலை நடந்தது. சவுரியப்பன் நல்ல கைகாரன், ஞாயிறு சர்ச்சுக்குப் போய் வந்த பிறகுதான் ஸ்பேனர் எடுப்பான், எடுத்தால் கீழே வைக்க மாட்டான். பழைய கட்டியை எடுத்து, புதிய கட்டியை வைத்து, பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்து, நான்கு சக்கரத்திலும் சென்சார் மாற்றி, ரெகுலேட்டரை ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெயில். ரெகுலேட்டரைத் திருகி, காற்று வருமா என்று பார்த்தேன்.

"அண்ணா, அது பிரேக்குங்க!" என்று சவுரியப்பன் கத்தினான்.

"பிரேக்குக்கு எதுக்குப்பா பன்னெண்டு?"

"ரோடு காய்ஞ்சிருந்தா ஒண்ணு, ஈரமா இருந்தா ஒண்ணு, மழ கொட்டுனா ஒண்ணுங்க."

நான் ஓட்டிய பஸ்ஸில் இரண்டே நிலைதான், மச்சான். பிடிக்கும், பிடிக்காது. அதைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அன்பரசி வேறு மாதிரி சொல்வதற்குள் நான் எழுதிவிடுகிறேன். குழாயெல்லாம் மாட்டி முடித்ததும் சவுரியப்பன், "உள்ள காத்து இருக்குது, எடுக்கணும்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் நான் ஏர் பிரேக்கில் ஓட்டினேன். காலையில் வண்டியைக் கிளப்பினால், டேங்கில் காற்று ஏறுகிற வரைக்கும் நகர்த்த மாட்டேன். காற்று இல்லாவிட்டால் பிரேக் இல்லை, இது எனக்குத் தெரிந்த ஒரே வேதம். அதில் இருக்கிற காற்றையும் எடுக்கிறேன் என்கிறானே! அப்புறம் கவிப்பிரியா, இது ஆயிலில் பிடிக்கிற பிரேக், ஆயிலுக்கு நடுவே காற்றுக் குமிழி இருந்தால்தான் பிடிக்காது என்றாள். ஒரு வண்டியில் காற்று இல்லாவிட்டால் சாவு, இன்னொரு வண்டியில் காற்று இருந்தால் சாவு. சரி என்று தலையாட்டினேன். எனக்கும் வேலை கொடுத்தார்கள். நான் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சவுரியப்பன் கீழே படுத்து திருகைத் திறப்பான், காற்றும் ஆயிலும் வெளியே வரும், அவன் மூடிவிட்டு "விடுங்க" என்று சொன்ன பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். மூன்று சக்கரம் அழகாக முடிந்தது. நான்காவது சக்கரத்துக்கு அவன் திருகைத் திறந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை சாப்பாட்டுக் கூடையோடு பட்டறைக்குள் நுழைந்து, "எவ்ளோ நேரந்தான் மிதிச்சிக்கிட்டு இருப்பீங்க, விடுங்க, சாப்புடுங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன். பிறகு சவுரியப்பன் காருக்கு அடியிலிருந்து, "ஏசுவே" என்றான். நான்கு சக்கரத்தையும் திரும்ப முதலிலிருந்து செய்தோம்.

மாட்டியதை டிராக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று, நேற்று புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள். மாரண்டஅள்ளி போகிற வழியில் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. தார் ரோடு அகலமாகப் போட்டிருக்கிறார்கள், தெருவுக்குப் பெயர்ப்பலகைகூட உண்டு, வீடுதான் ஒன்றும் இல்லை. இடத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். ஈர ரோட்டில் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் வரவழைத்து, ரோட்டின் நடுவே ஊற்றத் தொடங்கினோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து குள்ளம்மாள் என்று ஒரு அம்மாள் தலைமையில் பதினைந்து பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

"ஏம்ப்பா, எங்க ஊருக்கு அஞ்சு நாளா தண்ணி வரல. நீங்க ரோட்டுக்கு ஊத்துறீங்களா? ரோடு என்னா நெல்லா, மொளைக்கறதுக்கு?"

கவிப்பிரியா உடனே, "ஆயா, மொதல்ல நீங்க புடிச்சுக்கங்க, மிச்சம் இருந்தா எங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வரிசையாகக் குடம் வைத்து, இரண்டு நடை பிடித்தார்கள். மிச்சம் இருந்த தண்ணீரில் எங்கள் ரோடு இருபதடி நனைந்தது. வந்தவர்கள் போகவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்க நின்றுவிட்டார்கள். எங்களோடு வந்திருந்த சவுரியப்பன் அவர்களைத் தள்ளி, கல் மேட்டின் மேல் நிற்க வைத்தான். மூன்றாம் நடைக்கென்று வைத்த காலிக் குடங்கள் மட்டும் ரோட்டோரமாக வரிசையில் நின்றன.

முதலில் கவிப்பிரியா ஓட்டினாள். நான் பக்கத்தில், நான்கு பெல்ட் கட்டிக்கொண்டு, உரக்க முருகா என்று சொல்லிக்கொண்டு. ஈரத்தில் போய் ஓங்கி மிதித்தாள். கார் துடித்துக்கொண்டே கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. என் பக்கத்தில் பிரேக் இல்லை என்று தெரிந்தும் நானும் மிதித்திருக்கிறேன், என் செருப்பு வார் அறுந்துவிட்டது. நான்கைந்து முறை ரெகுலேட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு காரை நிறுத்தி, இறங்கி, என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க."

மச்சான், நான் வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வீட்டில் ஸ்கூட்டர்கூட வேண்டாம் என்று பஸ்ஸில்தான் போய் வருகிறேன். மாட்டேன் என்றேன். கல் மேட்டிலிருந்து குள்ளம்மாள், "பொண்ணு ஓட்டுது, நீ என்னா பயப்புடறே" என்றாள். பதினைந்து பெண்கள் முன்னால் அப்படிக் கேட்ட பிறகு நான் என்ன செய்வது? உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் ஏறியதும் கிளப்பினேன். கை மறக்கவில்லை. ஈரத்துக்கு வந்ததும் மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் திடீரென்று தையல் மெஷின் மாதிரி தடதடவென்று திருப்பி உதைத்தது. வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டேன்.

"கால எடுக்காதீங்கப்பா! அது அப்படித்தான் தட்டும்!"

அதற்குள் கார் ஈரத்தைத் தாண்டி, ஓரமாகப் போய், குடங்களின் வரிசைக்குள் புகுந்து நின்றது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று ஏழு பிளாஸ்டிக் குடம் போயிற்று. "தண்ணி குடுத்தீங்கன்னு வாழ்த்துனேனே, கொடத்த ஒடச்சிட்டியே!" என்று குள்ளம்மாள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அன்றைக்கே ஏழுக்குப் பதில் புதுக்குடம் வாங்கிக் கொடுத்துவிட்டோம், அது வேறு விஷயம்.

கவிப்பிரியா திட்டவில்லை. "இன்னொரு தடவ. இந்தத் தடவ அது எப்படித் தட்டுனாலும் கால எடுக்காதீங்க. அழுத்தி மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்க வலப்பக்கம் ஒடிங்க" என்றாள். உடைந்த குடங்களைச் சவுரியப்பன் ஈர ரோட்டின் நடுவில் அடுக்கினான், நான் அவற்றைச் சுற்றிப் போக வேண்டும். வந்தேன், மிதித்தேன், அது தட்டியது, நான் விடவில்லை, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். கார் திரும்பியது. பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டிருக்கும்போதே, ஈரத்தில், நான் சொன்ன பக்கம் திரும்பி, குடங்களைத் தொடாமல் தாண்டிப் போய் நின்றது.

நான் இறங்கவில்லை. அவள் பயந்துபோய், "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்றாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தொப்பூர் கணவாயில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது நீங்கள்தான். ஐப்பசி மழை. வளைவு தாண்டினால் எதிரே லாரி நிற்கிறது. மிதித்தேன். சக்கரம் நின்றுவிட்டது, பஸ் நிற்கவில்லை. லாரியின் பின்பக்கம் இடித்தது. முன் படியில் நின்றிருந்த என் கண்டக்டருக்கு, பெரியண்ணன் என்று பெயர், வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஐம்பது பேரில் அவனுக்கு மட்டும்தான் பெரிய அடி. மழை என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வலது பக்கம் இடம் இருந்தது, மச்சான். ஒரு பஸ் தாராளமாகப் போகிற இடம். நான் திருப்பினேன். திருப்பினேன் என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் பஸ் நேராகத்தான் போனது. ஆகவே நான் சரியாகத் திருப்பவில்லை, பயத்தில் கை வரவில்லை, அதனால்தான் அவன் கால் போனது என்று எனக்குள்ளே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் முப்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. என் பஸ்ஸை மாட்டுவண்டி என்று பயணிகள் கூப்பிட்டது இதனால்தான்.

இதை அந்தக் காரில் உட்கார்ந்து, முதல் தடவையாக, கவிப்பிரியாவிடம் சொன்னேன். அன்று எட்டு வயசுப் பிள்ளை அவள். கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"சக்கரம் சுத்துனாத்தாம்ப்பா வண்டி திரும்பும். சக்கரம் பூட்டிக்கிட்டா நீங்க ஸ்டியரிங்க எவ்ளோ ஒடிச்சாலும் வண்டி நேராத்தான் போவும். நீங்கன்னு இல்ல, அந்த எடத்துல யாரு இருந்தாலும் அதேதான். ஏபிஎஸ்ஸே அதுக்குத்தான். நிறுத்தறதுக்கு மட்டும் இல்ல, திருப்பறதுக்கு."

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. என் தப்பு இல்லை என்றால் பத்தொன்பது வருஷம் நான் எதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்? அதை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது? வீட்டுக்கு வந்ததும் பெரியண்ணனுக்குப் போன் செய்தேன். காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பேசுவோம், அந்தப் பேச்சு மட்டும் எடுக்க மாட்டோம். நேற்று எடுத்தேன். அன்னைக்கு நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேனா இல்லையா என்று கேட்டேன்.

"என்னய்யா கேள்வி இது? நான் ஒம் பக்கத்துலதான நின்னேன். நீ ஒடிச்ச ஒடியில ஸ்டியரிங்கு கையோட வந்துடும்னு நெனச்சேன். வண்டிதான் கேக்கல. இத எங்கிட்ட கேக்கறதுக்கு இத்தன வருசமா ஒனக்கு?"

போனை வைத்துவிட்டேன். அவனே திரும்பக் கூப்பிட்டு, அந்த ஏபிஎஸ் என்ன விலை, நம் பஸ்ஸுக்கெல்லாம் மாட்டுவார்களா என்று அரை மணி நேரம் விசாரித்தான்.

ஆகவே மச்சான், நான் சொல்ல வருவது என்னவென்றால், அந்தப் புது பிரேக் நல்ல பிரேக். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கும் நன்றாக ஓட்ட வருகிறது, அதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று தெரிந்தால் அவள் இன்னும் தாமதமாகத்தானே மிதிப்பாள்? இதை அவளிடம் கேட்டேன். "ஆமாப்பா, அதுக்குத்தான் மாட்டுனதே" என்கிறாள். வண்டியை நிறுத்துகிற சாமானை வேகமாகப் போவதற்காக மாட்டுகிறார்கள் என்றால் நான் எதை நம்பித் தைரியமாக இருப்பது? புரிந்துவிட்டது, பயம் போகவில்லை. புரியாதபோது இருந்ததைவிட இரண்டு மடங்காக இருக்கிறது. ஏன் போகக் கூடாது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். ராசி பலன் சரியில்லை என்றாவது சொல்லுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நிறுத்திவிடுங்கள். உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். அங்கே பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் அவர்கள் தலையில் கை வைத்து என் ஆசியைச் சொல்லவும். உங்கள் காலுக்குத் தைலம் ஒரு பாட்டில் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீங்கள் நூறு வயது இருந்து எங்கள் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் முன்னால் நின்று நடத்த வேண்டும்.

என்றும் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
ம. தீர்த்தகிரி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து கணக்கில் எடுக்க வேண்டாம். மடித்து உறையில் போடுகிற நேரம் உங்கள் தங்கை வந்து பிடுங்கி, நின்றபடியே கடைசி வரைக்கும் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "தொப்பூருல ஸ்டியரிங்க ஒடிச்ச கதைய இத்தன வருசம் எங்கிட்ட கூட சொல்லல" என்றாள். பிறகு, "முப்பத்தொரு வருசம் நீங்க பஸ் எடுத்துக்கிட்டுப் போவும்போதெல்லாம், திரும்பி வூட்டுக்குள்ள வர்ற வரைக்கும் எனக்குக் கை கால் ஓடாது. அதுக்காக ஒரு நாளாவது ஓட்டாதீங்கன்னு சொல்லியிருக்கனா?" என்று கேட்டாள். மச்சான், சொன்னதே இல்லை. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட இல்லை.

ஆகவே நிறுத்த வர வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்தால் போதாது, வேட்டி சட்டை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை விடிந்ததும் கோயம்புத்தூர் பஸ். நீங்கள், நான், அன்பரசி, பெரியண்ணன் நால்வரும். காரில் வர முடியாது, அதில் இரண்டு சீட்டுதான், இன்னொன்றில் சவுரியப்பன் ஸ்பேனர் பெட்டியோடு இப்போதே இடம் பிடித்துவிட்டான். பந்தயக்காரர்களுக்கு ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம், அதில் டீம் மேனேஜர் என்ற இடத்தில் கவிப்பிரியா என் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அவள் ஓட்டி முடிக்கிற வரைக்கும் ஓரமாக, சத்தம் போடாமல் நிற்பதுதான் வேலையாம். அதைத் தனியாகச் செய்ய என்னால் ஆகாது. பக்கத்தில் வந்து நில்லுங்கள்.